நாலு விரல் இடைவெளி

"கொஞ்சம் வலது பக்கம். இன்னும் கொஞ்சம். அங்கதான்! அங்க ஒரு குறி போடு."

தையல் கடையின் நடுவில் மாஸ்டர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். கையில் சாக்கட்டியோடு பின்னால் நின்றவள் காஜா அக்கா. சட்டைகளில் பித்தான் துளைக்குக் காஜா எடுப்பதும் ஓரம் மடித்துத் தைப்பதும் அவள் வேலை. பெயர் வந்தது அப்படித்தான். கேள்வி கேட்பது அவள் வேலை இல்லை. ஆனால் அதைத்தான் அதிகம் செய்வாள்.

"அரிக்குதா மாஸ்டர்?"

"அரிக்கல. குறி போடு."

"கட்டி ஏதாவது?"

"போடுன்னா போடேன். நேரமானா மறந்துடும்."

போட்டாள். இடது பக்கமும் ஒன்று போடச் சொன்னார். போட்டாள்.

"நடுவுல எவ்வளவு இருக்கு?"

அவள் கையை வைத்துப் பார்த்தாள். "நாலு விரல்."

"நாலு விரலா!" என்றார் மாஸ்டர். பரீட்சையில் பெயிலான பிள்ளையின் மதிப்பெண்ணைக் கேட்ட தகப்பனைப் போல ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

விஷயம் இதுதான். அன்று காலையில்தான் அவர் மனைவி மகளின் பிரசவத்துக்காக வெளிநாடு கிளம்பிப் போனாள். பிறக்கப்போகும் பிள்ளைக்குத் தலை நின்ற பிறகுதான் திரும்புவாள். பெட்டிகளை ஏற்றியாயிற்று. வாசலில் வாடகை வண்டிக்காரத் தம்பி ஹாரனை அமுக்கிக்கொண்டிருந்தான். மாஸ்டர் ஒரு கையில் வீட்டுச் சாவியும் இன்னொரு கையில் அவள் மறந்துவிட்ட குடையுமாக நடையில் வந்தார். அப்போது அவள் திரும்பி உள்ளே வந்தாள். எதையோ மறந்துவிட்டாள் என்று நினைத்தார். வந்தவள் அவரை அப்படியே கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

இதைச் சாதாரணமாக நினைத்துவிடக் கூடாது. அவர்கள் தும்மினால்கூட ஒருவருக்கொருவர் தள்ளி நின்று தும்முகிற தம்பதி. பெண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்பிய அன்றுகூட இவர் ஒரு தூணோடும் அவள் ஒரு தூணோடும் நின்றுதான் அழுதார்கள். நடுப்பகலில், கதவு திறந்திருக்கும்போது, கட்டிப்பிடிப்பதா? மாஸ்டருக்குச் சாவியை எங்கே வைப்பது, குடையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கையைத் தூக்குவதற்குள் அவள் விலகிவிட்டாள்.

"உடம்பைப் பாத்துக்குங்க" என்றாள். அவர் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள். குடையை வாங்கிக்கொண்டு போய் வண்டியில் ஏறிவிட்டாள்.

அவ்வளவுதான் நடந்தது. ஆனால் மாஸ்டரின் முதுகு எல்லாவற்றையும் குறித்துவைத்துக்கொண்டது. அவள் கைகள் இரண்டு பக்கத்திலிருந்தும் வந்தன. முதுகெலும்புக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக நின்றன. விரலோடு விரல் சேரவில்லை. சேரலாமா என்று தேடிக்கூடப் பார்க்கவில்லை. 'இது எட்டுகிற காரியம் இல்லை' என்று கைவிட்ட விரல்கள் அவை என்று அவருக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. குறுக்கே நின்றது அவருடைய தொப்பை.

'உடம்பைப் பாத்துக்குங்க' என்று வேறு சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். இதைவிட நாசூக்காக ஒரு பொம்பளை எப்படிச் சொல்வாள்?

அவள் திரும்பி வரும்போது அந்த விரல்கள் சேர வேண்டும். மாஸ்டருக்கு இந்த உலகத்தில் வேறு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

வைராக்கியம் வந்தால் மற்றவர்கள் எடை பார்க்கும் மெஷினில் ஏறுவார்கள். மாஸ்டர் தையல்காரர். கிலோ கணக்கெல்லாம் அவருக்குப் பிடிபடாது. அவள் வந்ததும் தைத்துக்கொடுக்கலாம் என்று ஆசையாக எடுத்துவைத்திருந்த பருத்தித் துணியை விரித்தார். ஓரத்திலிருந்து ஒரு பட்டை கிழித்தார். முதுகில் ஒரு குறியிலிருந்து முன்பக்கமாகச் சுற்றி அடுத்த குறி வரைக்கும் அளந்து கச்சிதமாக வெட்டினார். அதுதான் அவள் கைகளின் அளவு. பட்டையைச் சுற்றிக்கொண்டால் பின்னால் நாலு விரல் இடைவெளி. பட்டையின் இரண்டு முனையும் என்றைக்குத் தொடுகிறதோ அன்றைக்கு அவள் விரலும் தொடும்.

"கணக்கு சரிதான்" என்றாள் காஜா அக்கா, விவரம் ஒன்றும் தெரியாமல். "யாருக்கு பெல்ட்?"

"எனக்குத்தான்" என்று சொல்லி, பட்டையைச் சட்டைக்குள்ளே சுற்றி, இடைவெளியை ஒரு நூலால் இழுத்துக் கட்டிக்கொண்டார். அன்றிலிருந்து அது அவர் உடம்பிலேயே இருந்தது.

இளைக்க வழி கேட்டால் வாயே திறக்காதவனும் வக்கணையாகப் பேசுவான். விளையாட்டு வாத்தியார் பேன்ட் அளவு கொடுக்க வந்தார். "ஓடுங்க மாஸ்டர், ஓடினா போதும்" என்றார். பல் டாக்டர், "கடிச்சு மென்னு தின்னுங்க, பாதி சாப்பாட்டுல வயிறு நெறஞ்சிடும்" என்றார். பாட்டு டீச்சர் வெந்நீர்தான் சர்வரோக நிவாரணி என்றார். இருட்டிய பிறகு பச்சைத்தண்ணீர்கூட ஆகாது என்றவர் வக்கீல். அவர் எந்நேரமும் எதையாவது மென்றுகொண்டே இருப்பவர். ஊருக்கு உபதேசம் என்பது இதைத்தான்.

மாஸ்டர் எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டார். தனித்தனியாகச் செய்தால் அரைகுறையாக வேலை செய்கிற வைத்தியங்கள் சேர்த்துச் செய்தால் முழுசாக வேலை செய்யும் என்பது அவர் நம்பிக்கை. காலையில் ஓடினார். அதாவது, தெருமுனை வரை ஓடினார். அதன்பிறகு அவர் செய்ததை ஓட்டம் என்று சொன்னால் ஓட்டத்துக்கு மரியாதை இல்லை. வெந்நீர் குடித்தார். ஒரு வாய் சோற்றைப் பசுமாடு மாதிரி மென்றார். இரவில் விளக்கை அணைத்துவிட்டுப் பட்டினியாகப் படுத்தார்.

அங்கேதான் எதிர்வீட்டம்மா வந்து சேர்ந்தாள்.

"என்னங்க, ராத்திரி சமையல் வாசனையே வரல?" என்று மூடி போட்ட தட்டோடு வாசலில் நின்றாள். "உங்க வீட்டம்மா என் கையைப் புடிச்சுச் சொல்லிட்டுப் போயிருக்காங்க. அவருக்குக் கூச்சம் ஜாஸ்தி, குடுத்துட்டு வந்துடாதீங்க, பக்கத்துல நின்னு சாப்பிட வச்சுட்டு வாங்கன்னாங்க."

"எனக்கு வயிறு சரியில்லம்மா."

"அப்படியா? இருங்க, கஞ்சி வச்சுக் கொண்டுவரேன்."

கஞ்சி வந்தது. தட்டும் போகவில்லை. மாஸ்டர் இரண்டையும் சாப்பிட்டார். மறுநாள் தந்திரமாக, "கடையிலேயே சாப்பிட்டு வந்துட்டேன்" என்றார். அதற்கடுத்த நாள் எதிர்வீட்டம்மா கடைக்கே வந்துவிட்டாள். கஸ்டமர்கள் பார்க்க, காஜா அக்கா பார்க்க, கத்தரிக்கோலை வைத்துவிட்டுச் சாப்பிட்டார். மென்று மென்று சாப்பிட்டதில் எதிர்வீட்டம்மாவுக்கு மனம் குளிர்ந்துபோனது.

"எவ்வளவு ருசிச்சுச் சாப்பிடுறார் பாரு! பாவம், ஏங்கிப் போயிருக்கார்."

மறுநாள் தட்டு இன்னும் உயரமாக வந்தது.

மகள் வீட்டிலிருந்து போன் வரும். அங்கே பொழுது சாய்கிற நேரம் இங்கே பொழுது விடியும். மனைவியின் முகம் போனில் நெற்றி வரைக்கும்தான் தெரியும்; அவளுக்குப் போனைப் பிடிக்கத் தெரியாது. மாஸ்டர் அந்த நெற்றியையே பார்த்துக்கொண்டிருப்பார். பொட்டு கொஞ்சம் கோணலாக இருக்கும். பக்கத்தில் இருந்தபோது அதை அவர் கவனித்ததே இல்லை. இப்போது சரிசெய்யக் கை பரபரத்தது.

"சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு."

"சும்மா சொல்லாதீங்க. ராத்திரி சாப்பிடறதில்லையாமே? எதிர்வீட்டம்மா மககிட்ட சொன்னாங்களாம்."

"அவங்க குடுக்கறதே மறுநாள் வரைக்கும் வருது."

"ஏன் இப்படிக் குரல் மெலிஞ்சு கிடக்கு?"

'குரல்தான் மெலியுது, மத்தது மெலிய மாட்டேங்குதே' என்று சொல்ல நினைத்தார். சொல்லவில்லை. வந்து பார்க்கட்டும் என்று வைத்துக்கொண்டார். பேத்தி பிறந்திருந்தாள். மனைவி அவள் காலைக் காட்டினாள். போன் ஆடியதில் மாஸ்டருக்குத் தெரிந்தது ஒரு திரைச்சீலைதான். "என்னா அழகு" என்றார். போனை வைத்த பிறகு தன் வீடு எவ்வளவு பெரியது என்று அவருக்குத் தோன்றும். இரண்டே அறைதான். ஆனாலும் தோன்றும்.

ஓடிய ஓட்டத்தில் பட்டை வேர்வையில் ஊறிவிடும். வந்ததும் அவிழ்த்து, குடித்தது போக மிச்சமிருக்கும் வெந்நீரில் அலசி, பின்கட்டுக் கொடியில் காயப்போடுவார். காய்ந்ததும் சுற்றிப் பார்ப்பார்.

முதல் முறை சுற்றிப் பார்த்தபோது இடைவெளி ஐந்து விரல்.

இவ்வளவு பாடுபட்டும் ஏறியிருக்கிறதா? எல்லாம் எதிர்வீட்டம்மாவின் கைங்கரியம். மறுநாள் இரண்டு மடங்கு ஓடினார். இரண்டு மடங்கு வேர்த்தது. பட்டை நாறியதால் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றித் துவைத்தார். சுற்றிப் பார்த்தார். ஆறு விரல்.

தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன என்பார்கள். மாஸ்டருக்குச் சாணும் முழமும்தான் பிழைப்பு. அவரால் அப்படி விட முடியவில்லை. ஊறுகாய் கேட்டு எதிர்வீட்டம்மாவை அனுப்பிவிட்டு, தட்டைப் பின்வாசல் வழியாகத் தெருநாய்க்கு வைக்க ஆரம்பித்தார். நாய் நன்றாகப் பெருத்தது. மாஸ்டர் ஓடும்போது முன்பெல்லாம் குரைத்துக்கொண்டு துரத்திய நாய், இப்போது படுத்த இடத்திலிருந்தே வாலை மட்டும் ஆட்டியது.

பசி கையில் இறங்கினால் என்ன ஆகும் என்பதைக் கடை பார்த்தது. தையலில் அளவுக்கு மேல் கொஞ்சம் லூஸ் விட்டுத்தான் வெட்டுவார்கள். மனுஷன் உட்கார வேண்டும், எழ வேண்டும், மூச்சு விட வேண்டும். பட்டினி கிடக்கிற மாஸ்டருக்கு அடுத்தவன் மூச்சு விடுவதிலெல்லாம் அக்கறை போய்விட்டது. அளவு எதுவோ அதற்கே வெட்டினார். சில சமயம் அதற்கும் உள்ளே வெட்டினார்.

"மாஸ்டர், பட்டன் போட்டா கண்ணு பிதுங்குதே?" என்றார் பல் டாக்டர்.

"போன தடவை குடுத்த அளவுதான் சார். நீங்க கொஞ்சம் பூசிட்டீங்க."

"பூசிட்டேனா?" டாக்டர் கண்ணாடியில் பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தார். முகம் செத்துப்போயிற்று.

தையல்காரன் குறித்த நாளில் துணி தருவான் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். ஆனால் நீ குண்டாகிவிட்டாய் என்று யார் சொன்னாலும் உடனே நம்புவார்கள். பல் டாக்டர் மறுநாள் காலையில் ஓட வந்தார். பிறகு பாட்டு டீச்சர் வந்தார். பிறகு இறுக்கமான சட்டை போட்ட ஒரு கூட்டமே விடியற்காலையில் தெருவில் மூச்சு வாங்கிக்கொண்டு மாஸ்டருக்குப் பின்னால் வந்தது.

"மாஸ்டர்தான் நமக்கெல்லாம் குரு" என்றார் பாட்டு டீச்சர்.

"குருவோட தொப்பை அப்படியே இருக்கே?" என்றார் டாக்டர் ரகசியமாக.

மாஸ்டர் காதில் விழுந்தது. அன்று மத்தியானமும் அவர் சாப்பிடவில்லை.

வெடித்தது வக்கீல் கோட்டில். புதுக் கோட்டைப் போட்டுக்கொண்டு கோர்ட்டில் எழுந்த வக்கீல், "ஆட்சேபிக்கிறேன்!" என்று கையை உயர்த்தினாராம். இரண்டு கக்கமும் ஒரே நேரத்தில் பிளந்தன. சத்தம் நீதிபதி வரைக்கும் கேட்டது. எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, "எங்களுக்கு ஆட்சேபணை இல்லை" என்றாராம்.

கோட்டைக் கையில் சுருட்டிக்கொண்டு அவர் கடைக்குள் நுழைந்த வேகத்தில் ஹேங்கர்கள் ஆடின.

"யோவ் மாஸ்டர்! நான் கட்சிக்காரனுக்காக வாதாடப் போனேனா, கக்கத்தைக் காட்டப் போனேனா?"

"நீங்க கொஞ்சம் பூசி..." என்று ஆரம்பித்தபடி எழுந்த மாஸ்டர் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. அளவு நாடாவோடு அப்படியே சரிந்தார். வக்கீல்தான் பிடித்தார். பிடித்த வேகத்தில் கோட்டில் மிச்சமிருந்த தையலும் போயிற்று.

காஜா அக்கா முகத்தில் தண்ணீர் தெளித்தாள். காற்று வரட்டும் என்று சட்டைப் பித்தான்களைக் கழற்றினாள். உள்ளே பட்டை.

"என்னம்மா இது? அடிபட்ட கட்டா?" என்றார் வக்கீல். கோபத்தில் பாதி இறங்கிவிட்டது.

சர்க்கரை போட்ட டீயைக் குடித்த பிறகு மாஸ்டர் சொன்னார். சொல்லக் கூடாது என்றுதான் இருந்தார். ஆனால் வெறும் வயிற்றில் சர்க்கரை இறங்கினால் மனசு கட்டுக்குள் நிற்காது போலிருக்கிறது. சாவி, குடை, முதுகு, நாலு விரல் ஆறு விரலானது எல்லாவற்றையும் சொன்னார்.

"அவளா வந்து கட்டிப் புடிச்சா. இத்தனை வருஷத்துல ஒரே ஒரு தடவை. அதுவும் எட்டல. என் கையையாவது தூக்கியிருக்கலாம். அதுவும் தூக்கல. வர்றப்ப மறுபடி ஒரு தடவை புடிப்பா இல்ல? அப்பவும் எட்டலைன்னா அதோட விட்டுடுவா. எனக்கு அது தெரியும்."

வக்கீல் ஸ்டூலில் உட்கார்ந்தார். "எங்க வீட்ல அவ என்னைத் தள்ளிவிடாம இருந்தாலே போதும்னு நான் இருக்கேன்" என்றார். கோட்டைப் பற்றி அதன்பிறகு அவர் பேசவில்லை.

காஜா அக்கா மட்டும் பட்டையை அவிழ்த்து விரலால் நெருடிக்கொண்டிருந்தாள். இழுத்துப் பார்த்தாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"மாஸ்டர், துணி கொண்டாற ஒவ்வொருத்தர்கிட்டயும் ஒரு கேள்வி கேப்பீங்களே, என்னது அது?"

"எது?"

"'நனைச்சுக் காய வச்ச துணியா'ன்னு."

"ஆமா. புதுப் பருத்தி சுருங்கும். நனைக்காம வெட்டினா..."

நிறுத்தினார். பட்டையைப் பார்த்தார். வீட்டுப் பின்கட்டுக் கொடி ஞாபகத்துக்கு வந்தது. வெந்நீர்ப் பானையும் வந்தது.

"நனைக்கலையே" என்றார் மெல்ல.

"முப்பது வருஷ மாஸ்டர்!" காஜா அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "நீங்க ஒண்ணும் பெருக்கல. நல்லாத்தான் சுருங்கியிருக்கீங்க, சட்டையைப் பாத்தாலே தெரியுது. துணி உங்களைவிட வேகமா சுருங்கியிருக்கு, அவ்வளவுதான்."

வக்கீல் வாய்விட்டுச் சிரித்தார். காஜா அக்காவும் சிரித்தாள். மாஸ்டரும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தார். ஆனால் அழுதுவிட்டார்.

"இப்ப எதுக்கு அழுவுறீங்க? இளைச்சிருக்கீங்கன்னு சொல்றேன்."

"அளவு போச்சே! குறி போட்ட சட்டையும் அன்னிக்கே துவைச்சாச்சு."

அவள் தோள் அளவு, கை அளவு, கழுத்து எல்லாம் அவருக்கு மனப்பாடம். தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். இது ஒன்றுதான் துணியில் இருந்தது. அதையும் வெந்நீரில் போட்டுத் துவைத்துவிட்டார். இனிமேல் விரல் சேருமா, சேராதா என்று அவள் வந்து பிடிக்கும்வரை சொல்ல ஒருவரும் இல்லை.

அன்றோடு ஓட்டத்தை விட்டார். வெந்நீரை விட்டார். உபதேசம் செய்தவர்களுக்கெல்லாம் லூஸ் விட்டுப் புதுசாகத் தைத்துக்கொடுத்தார். தெருவில் காலைக் கூட்டம் கலைந்தது. நாய்தான் கொஞ்ச நாள் முறைத்துக்கொண்டு திரிந்தது.

அதன்பிறகு நடந்ததை வைத்தியம் என்று சொல்லலாமா என்று தெரியவில்லை. ஒரு நாள் விடியற்காலையில் போன் வந்தபோது வீட்டுக்குள் குரல் விட்டு விட்டுக் கேட்டது. மாஸ்டர் வாசலுக்கு வந்தார். தெருவுக்கு வந்தார். மனைவி பேத்தி விக்கிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். விக்கல் நின்று, வைக்கிறேன் என்று அவள் சொன்னபோது மாஸ்டர் நிமிர்ந்து பார்த்தார். தண்ணீர்த் தொட்டி தாண்டி, பாலம் தாண்டி, முன்பு ஓடி எட்டவே முடியாத இடத்துக்கு வந்திருந்தார். மூச்சு கொஞ்சம் வாங்கியது. காலில் வலி இல்லை. அவளோடு இவ்வளவு தூரம் அவர் சேர்ந்து நடந்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் செருப்பை மாட்டிக்கொண்டுதான் போனை எடுத்தார்.

அவள் பேசிக்கொண்டிருக்கும்வரை நடப்பார். வைத்துவிட்டால் திரும்பிவிடுவார். அதனால் அவள் அதிகம் பேச வேண்டியிருந்தது. அதற்கு வழியும் கண்டுபிடித்தார். மருமகனைப் பற்றிக் கேட்டால் தெருமுனையோடு பேச்சு நின்றுவிடும். அவனைப் பற்றிச் சொல்ல அவளுக்கு நல்லதுதான் உண்டு. பேத்தி என்றால் பாலம் வரைக்கும் போகலாம். "உன் நாத்தனார் போன் பண்ணினா" என்று ஒரு வார்த்தை போட்டால் போதும், பாலத்தைத் தாண்டி இரண்டு சுற்று நிச்சயம்.

"அவ எதுக்குப் பண்ணினா? என்ன சொன்னா?"

"சும்மாதான் விசாரிச்சா."

"அவ சும்மா விசாரிக்கிற ஆளா? கல்யாணத்தன்னிக்கு என்ன சொன்னா தெரியுமா..."

சொந்தத் தங்கையை இப்படிப் பலி கொடுக்கிறோமே என்று மாஸ்டருக்குக் கொஞ்சம் குறுகுறுப்பு இருந்தது. ஆனாலும் நடந்தார்.

"ஏன் மூச்சு வாங்குது உங்களுக்கு?"

"மாடிப்படி."

"நம்ம வீட்ல ஏது மாடிப்படி?"

"கடைப் பக்கத்துல. நீ சொல்லு, அப்புறம் அவ என்ன சொன்னா?"

சாப்பாட்டுக்கும் அதே வழிதான். ராத்திரி எதிர்வீட்டம்மாவின் தட்டை வாங்கி, இவரே போன் போட்டு, தண்ணீர்ச் செம்பில் அதைச் சாய்த்துவைத்து, நெற்றியைப் பார்த்துப் பேசிக்கொண்டே சாப்பிட்டார். பேசிக்கொண்டு சாப்பிட்டால் பாதியிலேயே போதும் என்றாகிவிடுகிறது. தனியாக உட்காரும்போதுதான் வாய்க்குச் சோற்றைத் தவிர வேறு வேலை இல்லாமல் போகிறது. இத்தனை நாள் தன் தொப்பையில் இருந்தது சோறு மட்டும் இல்லை, பேசாமல் விழுங்கிய பேச்சும்தான் என்று மாஸ்டர் ஒரு நாள் காஜா அக்காவிடம் தத்துவம் பேசினார். "நல்லாருக்கு. முதல்ல பேன்ட்டைப் புடிங்க, நழுவுது" என்றாள் அவள்.

இரண்டு தடவை பேன்ட்டைப் பிடித்துத் தைத்தாயிற்று. அளந்து பார்க்கச் சொன்னால் மாஸ்டர் மறுத்துவிட்டார். அவருக்கு வேண்டிய அளவு நாடாவில் இல்லை.

பேத்திக்குத் தலை நின்றது. மனைவி கிளம்பினாள்.

அதே வண்டிக்காரத் தம்பியைத்தான் மாஸ்டர் வரச் சொன்னார். விமான நிலையத்தில் வெளியே வரும் வாசலுக்கு எதிரே, கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். விமானம் இறங்கிவிட்டது என்று பலகையில் வந்தது. பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். யாரோ யாரையோ கட்டிப்பிடித்தார்கள். மாஸ்டர் ஒவ்வொருவரின் முதுகையும் பார்த்தார். எல்லா முதுகிலும் விரல்கள் சேர்ந்திருந்தன.

"தண்ணி குடிங்க மாஸ்டர், ரொம்ப வேர்க்குது உங்களுக்கு" என்று தம்பி பாட்டிலை நீட்டினான்.

"வேணாம் தம்பி. கையில எதுவும் வேணாம்."

கொஞ்ச நேரம் கழித்து, சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "தம்பி, என்னை ஒரு தடவை கட்டிப் புடிச்சுப் பாரேன்" என்றார்.

"என்ன மாஸ்டர்?" தம்பி ஓரடி பின்னால் போனான்.

"சும்மாதான். கை எட்டுதா பாரு."

தம்பி சங்கடத்தோடு கட்டிப்பிடித்தான். "எட்டுது மாஸ்டர். தாராளமா எட்டுது."

"உன் கை நீளம். அவ கை சின்னது." பட்டை கதையைச் சொன்னார். நாலு விரலைச் சொன்னார். "அன்னிக்கு நீ ஹாரன் அடிச்சுக்கிட்டிருந்தியே, அப்பத்தான். பாவம், புடிச்சா. எட்டல. அந்த ஏமாத்தத்தை மனசுல வச்சுக்கிட்டுத்தானே அவ்வளவு தூரம் போயிருப்பா? இன்னிக்கும் எட்டலைன்னா நான் என்ன பண்ணுவேன்?"

தம்பி அவரையே பார்த்தான். சிரிக்கவில்லை. கதவு திறந்தது. கூட்டத்துக்கு நடுவில் பெட்டியைத் தள்ளிக்கொண்டு அவள் வந்தாள். இவரைப் பார்த்துவிட்டாள். பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு வேகமாக வர ஆரம்பித்தாள்.

"மாஸ்டர்" என்றான் தம்பி அவசரமாக, "அன்னிக்கு அக்கா வண்டியில பாதி வழி அழுதுக்கிட்டே வந்தாங்க, ஏன்க்கா இன்னும் ஒரு நிமிஷம் அவரைப் புடிச்சுக்கிட்டு இருந்துட்டு வந்திருக்கலாமேன்னு கேட்டேன், 'கை ரெண்டும் எட்டத்தான் செஞ்சுது தம்பி, கோத்துட்டா அப்புறம் விட மாட்டேன்னு தெரியும், அதான் கோக்காமலே வந்துட்டேன்'னாங்க."